தூக்கிய விரல்

கம்பெனியே கைவிட்ட பழைய லேப்டாப்பில் புது இயங்குதளத்தை ஏற்றி ஓடவைத்தவர் சங்கரபாகம். வீடியோ மட்டும் படியவில்லை. கிராபிக்ஸ் சிப்பை இயக்கும் டிரைவர் மென்பொருள் இல்லாததால் படம் குதித்துக் குதித்து வந்தது. ஊர் கிரிக்கெட் இறுதி ஆட்டத்தின் கடைசிப் பந்தில், ரன்னுக்கு ஓடிவரும் இருதயராஜின் பேட் கோட்டுக்கு வெளியே இருக்கும். அடுத்த குதியில் ஸ்டம்ப் சாய்ந்து கிடக்கும். நடுவில் நடந்தது திரையில் இல்லை. அன்றைக்கு அம்பயராக நின்று விரலைத் தூக்கியவர் சங்கரபாகம்தான்.

“நான் தப்பா அவுட் குடுத்ததே கெடையாதுடே. படம் ஒழுங்கா ஓடட்டும், நீயே பாரு.”

“பாத்துருவோம் அண்ணாச்சி,” என்று இருதயராஜ் டீ வாங்கப் போனான்.

இயங்குதளத்தின் பழைய பதிப்பிலிருந்து டிரைவரை உருவிப் புதியதில் செருகினார். இரண்டு முறை திரை கறுத்துப்போனது. அவர் அசரவில்லை. ஒரு வரியைத் திருத்தி மூன்றாம் முறை திறந்ததும் திரையில் ஜன்னல்கள் எண்ணெய் தடவியதுபோல் வழுக்கின. சிரித்தபடி வீடியோவைத் தட்டினார்.

பேட் புழுதியைக் கிழித்துக்கொண்டு கோட்டைத் தாண்டி உள்ளே நின்றது. அப்புறம்தான், நிதானமாக, ஸ்டம்ப் சாய்ந்தது.

டிரைவரை நிறுத்த ஒரு பொத்தான் போதும். படம் பழையபடி குதிக்கும்.

“ஓடுதா அண்ணாச்சி?” வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம்.

“ஜம்முனு ஓடுதுடே, வா,” என்றார் சத்தமாக. விரல் மட்டும் அந்தப் பொத்தானுக்கு மேலேயே நின்றது. அன்றைக்கு யோசிக்காமல் உயர்ந்த அதே விரல்.