கறுக்காத ரேகை

டாக்டரம்மா என் உள்ளங்கையை விரித்து ரேகைகளைப் பார்த்தார்.

"அட்ரினல் சுரப்பியே கெட்டிருந்தா இந்த ரேகையெல்லாம் கறுத்திருக்கும். உப்பைத் தேடித் தின்னத் தோணும். உங்களுக்கு ரெண்டும் இல்ல. ரொம்ப நாளா வெளியிலிருந்து ஸ்டீராய்டு போனதால சுரப்பி வேலையை நிறுத்திடுச்சு. மருந்து நின்னதும் மயங்கி விழுந்துட்டீங்க. யார் குடுத்தா?"

"நான் மாத்திரையே தொடமாட்டேன். மூட்டுவலிக்கு எங்கண்ணன் இடிச்ச மூலிகைப் பொடிதான். அவன் வெளியூர் போயிருந்ததால பத்து நாளா அதுவும் இல்ல."

கதவோரம் நின்ற அண்ணன், வைத்தியரென்று ஊரே கும்பிடுகிறவன், என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆறு வருஷமாகக் காலையில் தானே பொடியைக் கொட்டித் தந்த என் உள்ளங்கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மத்தவங்களுக்குப் போடுறதைவிட உனக்குக் கம்மியாத்தான் போட்டேன், கனி" என்றான்.