ஆறாவது கோச்

செம்மண் காட்டு மிருகங்களின் ஃபுட்பால் கிளப் ஐந்து வருடங்களில் ஐந்து கோச்சுகளைத் துரத்திவிட்டது. அணி தோற்கும்போதெல்லாம் கிளப் தலைவர் வெள்ளைக் கிளியார் கொண்டையைச் சிலிர்த்துக்கொண்டு, "கோச் சரியில்லை!" என்பார். முதலை போனது, ஆந்தை போனது, காட்டு நாய் வரை ஐந்து பேரும் போனார்கள். அடுத்து வர யாருக்கும் துணிவில்லை. கடைசியில் வளை தோண்டிக்கொண்டிருந்த, குட்டிக் கரடி போன்ற வாம்பட், "நான் வர்றேன்" என்றது.

வருடக் கடைசி ஆட்டம் வந்தது. "இன்னைக்குத் தோத்தா நீயும் கிளம்பு" என்று கிளியார் சொல்லிவிட்டார்.

ஒரு நிமிடம்தான் பாக்கி. மூன்று புள்ளி பின்னடைவு. இவர்கள் ஆடும் ஃபுட்பாலில் பந்தைக் கையாலும் பிடிக்கலாம்; கோல் கம்பங்களுக்கு நடுவே உதைத்து ஒரு கோல் விழுந்தால் ஆறு புள்ளி! கேப்டன் கங்காரு எம்பிப் பந்தைப் பிடித்துவிட்டது.

"கோச், நானே உதைக்கவா?" என்று கத்தியது.

"உனக்கு என்னப்பா தோணுது?" என்றது வாம்பட்.

இதுவரை எந்தக் கோச்சும் அதைக் கேட்டதில்லை. கங்காரு திகைத்து, பிறகு சொன்னது: "கம்பம் ரொம்ப தூரம். நெட்டைக்கால் ஈமுவுக்குத்தான் எட்டும்."

"அப்ப ஈமுகிட்ட கொடு!"

"ஐயோ, அது இந்த வருஷம் ஒரு கோல்கூடப் போடலையே!" என்று கிளியார் அலறினார்.

ஈமு ஓடி வந்து உதைத்தது. பந்து சுழன்று சுழன்று கம்பங்களுக்கு நடுவே பாய்ந்தது. ஆட்டம் முடிந்ததற்கான சங்கு ஊதியது. மைதானமே துள்ளியது!

வாம்பட்டை முதுகில் ஏற்றிக்கொண்ட ஈமு, "என்னை எப்படி கோச் நம்புனீங்க?" என்று கேட்டது.

"நம்பினேன்தான். ஆனா பயத்துல கண்ணை இறுக்கி மூடிக்கிட்டேன். கோல் எப்படி விழுந்துச்சு? யாராவது சொல்லுங்களேன்!"

அணியின் பதினெட்டுப் பேரும் ஒரே நேரத்தில் சொல்ல ஆரம்பித்தார்கள்.