இழுவை குறையாத சத்தம்

"சத்தத்துக்கு விலை பதினெட்டாயிரம்ண்ணே. மாட்டுற கூலி தனி" என்றார் மெக்கானிக். சுவரில் வரிசையாகத் தொங்கிய சைலன்சர்களில் பெரியதாக ஒன்றை விரலால் சுண்டினார். அது வெள்ளிப் பாத்திரம் போலப் பளபளத்தது. விலையும் வெள்ளிக் கடையில் சொல்கிற மாதிரிதான் இருந்தது.

பிக்கப் டிரைவர் மெக்கானிக்கின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். தள்ளுபடி என்ற சொல் எந்த நேரமும் அங்கிருந்து விழலாம், விட்டுவிடக் கூடாது என்கிற பார்வை.

"ஊருக்கே கேக்குமா?" என்றார்.

"பக்கத்து ஊருக்கும் சேர்த்துக் கேக்கும். ஆனா இழுவை போயிடும். குழாய் அகலமா இருந்தா புகை சோம்பேறித்தனமா வெளிய வரும். லோடோட மெதுவா ஏறும்போது வண்டி மூச்சு வாங்கும். நீங்க மேடு ஏறணும்ங்கறீங்க."

மேடுதான் விஷயமே. டைல்ஸ் டெப்போவிலிருந்து மலைச்சரிவில் கட்டும் குடியிருப்புக்குச் சரக்கு அடிக்கிற வேலை. ஒரே மாதத்தில் இரண்டு தடவை வண்டி பாதி மேட்டில் நின்று பின்னால் உருண்டது. உடைந்த டைல்ஸை இவர் தலையில் கட்டிய டெப்போ முதலாளி, "நாளைக்கும் நின்னுச்சுன்னா வேற வண்டி வெச்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டார். வண்டித் தவணை, வீட்டு வாடகை, அடுப்பு எல்லாமே அந்த ஒரு மேட்டை நம்பித்தான் இருந்தன.

மெக்கானிக் வண்டிக்கு அடியில் நுழைந்து படுத்தார். அங்கிருந்தே குரல் கொடுத்தார். "சின்னக் குழாயே போட்டுடலாமாண்ணே? சத்தம் கம்மி. இழுவை அள்ளிக்கிட்டுப் போகும்."

"அது வேணாம் தம்பி. சத்தம் வேணும்" என்றாள் பக்கத்தில் நின்றிருந்த டிரைவரின் மனைவி.

"அதிகபட்சம் எவ்வளவு லோடு ஏத்துவீங்கண்ணே?"

"ஒன்றரை டன்." அதையும் அவளே சொன்னாள்.

"வண்டி ஓட்டறது அண்ணனா, நீங்களாக்கா?"

"இவரைப் பேச விட்டா நீங்க சொல்ற விலைக்குத் தலையாட்டிடுவாரு. அதான் நான் கூடவே வந்தேன்."

மெக்கானிக் சிரித்துக்கொண்டே வெளியே வந்து, கையைத் துடைத்தபடி டிரைவரின் முகத்துக்கு நேரே நின்றார்.

"ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. காலையில உங்க லோடோட நானே மேடு ஏத்திப் பார்த்தேன். தடுமாறாம ஏறுச்சு. வண்டியில ஒரு கோளாறும் இல்ல. நீங்கதான் கியரை லேட்டா மாத்தறீங்க. இஞ்சின் கியர் கேக்கும்ல? கேக்கறப்பக் குடுத்துடணும்."

டிரைவர் வண்டியை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "அதான் கேக்கலையே."

"கேக்காத இஞ்சின் எங்கண்ணே இருக்கு? வட்டிக்காரன் மாதிரி, நேரத்துக்கு டாண்ணு கேட்டுடும்."

"தம்பி, எனக்குச் சத்தம் இல்லாத வண்டி ஓட்ட வராது. சத்தமும் வேணும், இழுவையும் குறையக் கூடாது. ஏதாவது பண்ணு. உன்னைக் கையெடுத்துக் கும்பிடறேன்." உண்மையிலேயே கும்பிட்டார்.

"இந்த வயசுல தெருவே திரும்பிப் பார்க்கணும்னு ஆசை. அக்கா, நீங்க கொஞ்சம் கண்டிச்சு வைங்க."

அவள் கண்டிக்கவில்லை. "செஞ்சு குடுங்க தம்பி. நாளைக்கு மேடு ஏறியாகணும்" என்று மட்டும் சொன்னாள்.

மெக்கானிக் தலையைச் சொறிந்து யோசித்தார். நடுவாந்தர அகலத்தில் நீளமான குழாய். அதன் முனையில் உள்ளே தடுப்பே இல்லாத டப்பா. புகை வேகம் குறையாமல் ஓடும். மேட்டில் இழுவை நிற்கும். தடுப்பு இல்லாததால் சத்தம் முழுசாக வெளியே வரும். "கூலியோட இருபத்திரெண்டு" என்றார்.

அதற்குப் பிறகு அவள் பேரம் பேசிய பேச்சில், மெக்கானிக் ஏதோ தானே கடன்பட்டவர் போல இருபதுக்கு இறங்கினார்.

மாலைக்குள் வேலை முடிந்தது. டிரைவர் பதினெட்டாயிரத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு மிச்ச நோட்டுகளைக் கையிலேயே வைத்துக்கொண்டார். "மீதி, சத்தம் கேட்டதும்."

"நம்பிக்கை இல்லையாண்ணே?"

"உன் மேல இருக்கு. நான் அந்தப் பக்கம் திரும்பி நிக்கறேன். வண்டியைப் பார்த்துக்கிட்டு நின்னா மனசு சும்மா இருக்காது, கேட்ட மாதிரியே தோணும்." தெருவைக் கடந்து எதிர்ச்சுவர் ஓரமாகப் போய், முதுகைக் காட்டி, கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றார்.

மெக்கானிக் சாவியைத் திருப்பினார். பட்டறையின் தகரக் கூரை கிடுகிடுத்தது. மரத்திலிருந்த காக்கைகள் மொத்தமாகக் கிளம்பின. பக்கத்துக் கடை வெல்டர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வாய்க்கு வந்தபடி திட்டினார். திட்டியது அவருக்கே கேட்டிருக்காது. மெக்கானிக் பெருமை தாங்காமல் ஆக்ஸிலேட்டரை இன்னும் இரண்டு மிதி மிதித்தார்.

டிரைவரின் மனைவி மட்டும் காதைப் பொத்தவில்லை. அந்த முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்த டிரைவர், திரும்பாமலே, நோட்டுகளைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார்.

"பதினெட்டு குடுத்தாச்சு. மீதி ரெண்டு இந்தா இருக்கு. ஸ்டார்ட் பண்ணு தம்பி."