பேரரசியின் கன்னத்தில் உளி

வெள்ளிக்காசை மேசையில் தட்டிப் பார்த்தான் நாணயம் மாற்றும் ஃபிலேரோஸ். பிறகு உளியை எடுத்து, காசில் பொறித்திருந்த பேரரசியின் கன்னத்தில் வைத்துச் சுத்தியலை ஓங்கினான்.

"யோவ்! செத்துச் சாமியாயிட்டவங்கய்யா அவங்க!" பக்கத்துக் கடை மீன்காரன் அலறினான்.

"அதுக்கு? உள்ளே செம்பா, வெள்ளியான்னு வெட்டிப் பாக்க வேண்டாமா?"

காசைக் கொண்டுவந்த சபிதியா மேசையை நெருங்கினாள். "அத மாத்தித்தாண்ணே கோதுமை வாங்கணும். புள்ள நேத்தே சாப்பிடல." இடுப்பில் மகள் விரல் சூப்பிக்கொண்டிருந்தாள்.

எதிரே கோயிலிலிருந்து லார்சியுஸ் ஓடி வந்தார். காலமான பேரரசியின் பெயரால் ஒஸ்தியா நகரின் ஏழைப் பெண்பிள்ளைகளுக்குப் படியளக்கும் அதிகாரி. பூஜை முக்காடு கண்ணை மறைக்க, மீன் கூடையில் விழுந்து எழுந்து வந்தார்.

"அடப்பாவி! தெய்வத்து மூஞ்சியிலயா உளி? தலை போயிடும்டா!"

"அப்ப திருப்பிப் போட்டு வெட்டட்டுங்களா?"

காசின் மறுபக்கத்தில், பேரரசியின் தர்மத்துக்காகக் கையேந்தி நிற்கும் குட்டிக் குட்டிப் பெண் உருவங்கள்.

லார்சியுஸ் முக்காட்டைச் சரிசெய்தார். "அத தாராளமா வெட்டு."

கூட்டமும் தலையாட்டியது.

ணங்! சிறுமிகள் பிளந்தார்கள். உள்ளே செம்பு இளித்தது.

"கள்ளக்காசு! யாரும்மா குடுத்தா உனக்கு?" உறுமினார் லார்சியுஸ்.

"காலையில நீங்கதாங்கய்யா... புள்ளைக்குன்னு..."

சந்தைக் கூட்டம் நெருங்கி வந்தது.

"அப்ப சாமி போலிங்களா?" அப்பாவியாகக் கேட்டான் மீன்காரன்.

"வாயக் கழுவுடா! தெய்வத்தோட காசு எப்படிப் போலியாகும்?"

"அதானே!" என்றான் ஃபிலேரோஸ். "நல்ல காசுன்னு ஐயாவே சொல்லிட்டாரு. இத நீங்களே வச்சுக்கிட்டு, உங்க பையிலேர்ந்து ஒண்ணு அந்தம்மாவுக்குக் குடுத்துடுங்க."

அத்தனை கண்களும் லார்சியுஸின் பையில். பல்லைக் கடித்தபடி ஒரு காசை எடுத்துக் கொடுத்தார். பிளந்த காசை வாங்கிப் பக்தியோடு முத்தமிட்டுவிட்டுப் போனார்.

கூட்டம் கலைந்ததும் சபிதியா கேட்டாள். "ஏண்ணே, தலை போற வேலையாச்சே. முதல்லயே புள்ளைங்க பக்கம் வெட்டியிருக்கலாமே?"

ஃபிலேரோஸ் உளியைத் துடைத்தான்.

"அவரு படியளக்கிற காசு செம்புன்னு தட்டினப்பவே தெரியும் தங்கச்சி. புள்ளைங்கள வெட்டினா அவரு ஏன் ஓடி வரப்போறாரு?"