மைக்கை விடாத புவனேந்திரன்

சிவப்பு அட்டையைத் தூக்கிப் பிடித்து ஷிஹானாவுக்குக் கை வலித்துவிட்டது. புவனேந்திரன் பேச்சை நிறுத்துவதாக இல்லை.

அவர் எடுத்த தலைப்பு என்னவோ 'மௌனத்தின் வலிமை'.

பதுளைப் பேச்சாளர் மன்றத்தின் பத்தாவது ஆண்டு விழா அது. பேச்சுப் போட்டியில் ஒருவருக்கு ஏழு நிமிடம். ஏழு ஆனதும் சிவப்பு அட்டை காட்டப்படும். அதற்குமேல் அரை நிமிடம் பொறுப்பார்கள். அதையும் தாண்டினால் போட்டியிலிருந்து நீக்கம். நேரம் பார்ப்பவள் ஷிஹானா, கணக்கு டீச்சர். அவளிடம் தயவு தாட்சண்யமெல்லாம் நடக்காது என்பது மன்றமே அறிந்த விஷயம்.

புவனேந்திரன் பசாரில் மரக்கறி மொத்த வியாபாரி. போன இரண்டு வருடமும் வெற்றிக்கிண்ணம் அவருக்குத்தான். தொடர்ந்து மூன்றாவது முறையும் வென்றால் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம், சொந்தமாகிவிடும். அதை வைப்பதற்குக் கடையில் ஒரு தட்டுக்கூட அடித்துவிட்டாராம்.

இன்றும் மனிதர் வெளுத்து வாங்கினார். "முடிவாக" என்று சொல்லி முடிக்கவும் போனார். என்ன நினைத்தாரோ, "முடிவுக்கு முந்தி இன்னொன்னும் சொல்லணும்" என்று மறுபடி தொடங்கிவிட்டார்.

அரை நிமிடம் போனது. அதோடு கிண்ணமும் போனது.

"இந்த லீக்ஸ் மரக்கறி இருக்குங்களே, அது சத்தம் போடாது. ஆனா லொறியில அடுக்குறப்ப பாத்தீங்கன்னா..."

மன்றத் தலைவி நபீலா ஷிஹானாவின் காதருகே குனிந்தாள். "இவருக்கு என்ன புடிச்சிருக்கு? லீக்ஸுக்கும் மௌனத்துக்கும் என்ன சம்பந்தம்?"

"மைக் ஆசதான், வேற என்ன? அட்டையப் பாக்குறாரே இல்ல."

அதுதான் ஷிஹானாவுக்குப் பெரிய எரிச்சல். சபையைப் பார்த்துப் பேச வேண்டும் என்பது மன்றத்தில் சொல்லிக் கொடுக்கும் முதல் பாடம். இவரோ எல்லோர் தலைக்கும் மேலாக எங்கேயோ பார்த்துக்கொண்டு பேசினார். அட்டை கண்ணில் பட்டுவிடக் கூடாது என்ற கெட்டித்தனம்.

அடுத்தது கடைசிப் பேச்சு. அது கலாராணியுடையது. ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்தில் தாய்மார் கொழுந்து பறிக்கப் போனால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக் காம்பரா அவள் பொறுப்பில் இருந்தது. மன்றத்துக்கு வந்த நாளிலிருந்து பின்வரிசையை விட்டு நகராதவள், பலமுறை பெயர் கொடுத்துவிட்டுப் பயத்தில் பின்வாங்கியவள், இன்றுதான் மேடையேறச் சம்மதித்திருந்தாள். ஆனால் ஆளைக் காணவில்லை. போனும் எடுபடவில்லை.

பெயர் கூப்பிடும்போது மண்டபத்தில் இல்லாதவருக்குப் பேச்சு கிடையாது. அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்ததே ஷிஹானாதான். நினைக்கப் பாவமாகத்தான் இருந்தது. இன்று தவறினால் அந்தப் பெண் இனி வாழ்நாளில் பெயர் கொடுக்க மாட்டாள். அதற்காக ஆளுக்கொரு சட்டம் வைக்க முடியுமா?

புவனேந்திரன் இப்போது கெரட்டுக்கு வந்திருந்தார்.

மொனராகலையிலிருந்து வந்த விருந்தினர்கள் பஸ்ஸை நினைத்து நெளிந்தார்கள். யாரோ பொறுக்க முடியாமல் நடுவிலேயே கை தட்டினார்கள். அவர் அதற்கும் நன்றி சொல்லிவிட்டுத் தொடர்ந்தார்.

அப்போதுதான் கலாராணி வாசலில் வந்து நின்றாள். சேலை தொப்பலாக நனைந்திருந்தது. அறுந்த செருப்பு ஒன்று கையில் இருந்தது.

"ஆகவே, நன்றி, வணக்கம்" என்று கெரட்டை அந்தரத்தில் விட்டுவிட்டு இறங்கினார் புவனேந்திரன்.

"மன்னிச்சிக்கங்க மிஸ். பஸ்ஸு பாதியில நின்னு போச்சு, நடந்துதான் வாறேன்" என்றாள் கலாராணி, மூச்சு வாங்க.

"ஒங்களுக்கு நல்ல காலம். இந்த மனுஷன் அறுத்த அறுவையில தப்பிச்சீங்க. போங்க, மேடைக்குப் போங்க" என்றாள் ஷிஹானா.

தொடக்கத்தில் குரல் நடுங்கியது. பிறகு நிமிர்ந்துகொண்டாள். "பொழுதுக்கும் புள்ளைங்க என்னையத்தான் அம்மான்னு கூப்புடும். சாயந்தரம் பெத்த அம்மா வந்தா, என்னையத் திரும்பிக்கூடப் பாக்காம ஓடிப்போயிரும். அப்படி ஓடுனாத்தாங்க நான் நல்லா பாத்துக்கிட்டேன்னு அர்த்தம்."

மண்டபம் கைதட்டலில் அதிர்ந்தது. நேரத்துக்குள்ளேயே முடித்துவிட்டாள். ஷிஹானாவுக்கு அப்படியொரு சந்தோஷம். முன்வரிசையில் புவனேந்திரன் கை சிவக்கத் தட்டிக்கொண்டிருந்தார். கிண்ணம் போன கவலை மனிதருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

வழக்கமாக நேர அறிக்கையை ஷிஹானா இருந்த இடத்திலிருந்தே வாசித்துவிடுவாள். விழா என்பதால் இன்று மேடைக்கே அழைத்தார்கள். இன்றைக்கென்று எடுத்த புது மண்டபம் இது. மைக்கின் முன்னால் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டாள். நாலு வார்த்தை நறுக்கென்று சொல்லிவிடுவது என்றுதான் ஏறியிருந்தாள்.

"புவனேந்திரன், பன்னிரண்டு நிமிடம். விதிகளை மதிக்காமல்..."

சபையை நிமிர்ந்து பார்த்தவள் நின்றுவிட்டாள்.

நேரெதிரே வாசல் விரியத் திறந்திருந்தது. அதற்கு அப்பால், கீழே வீதியிலிருந்து மண்டபத்துக்கு வளைந்து வளைந்து ஏறிவரும் படிக்கட்டு முழுவதும் தெரிந்தது. நாற்காலிகளில் இருந்த அத்தனை பேருக்கும் அது முதுகுப்பக்கம். மழையில் ஒருத்தி செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறி வருவதை, முதல் படியிலிருந்தே பார்த்திருக்கக் கூடியவர் மேடையில் நின்றவர் ஒருவர்தான்.

ஷிஹானா கையிலிருந்த அறிக்கையை இறக்கிவிட்டு முன்வரிசையைப் பார்த்தாள்.

முன்வரிசையிலிருந்து புவனேந்திரன் மெதுவாகச் சொன்னார்:

"வாசிங்க மிஸ், நேரம் போகுது."