பத்துக்குப் பூஜ்யம்

"தம்பி பேரை உங்க ஆபீஸ்ல சொல்வீங்களா, மாட்டீங்களா?"

மனைவி மூன்றாவது தடவையாகக் கேட்டாள். கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவர் மவுஸை உருட்டிக்கொண்டிருந்தார். அந்தத் தம்பியே, அதாவது இவர் மச்சினனே, பக்கத்தில் நிற்கும்போது மாட்டேன் என்று எப்படிச் சொல்வார்? எட்டு மாசமாக வேலையில்லாத பையன் வேறு.

இவருக்கு ஒலிக் காப்பகத்தில் வேலை. பழைய நாடாக்களில் இருக்கும் பேச்சையும் பாட்டையும், ஓசை துளியும் குறையாத லாஸ்லெஸ் ஃபைலாகக் கம்ப்யூட்டரில் ஏற்றுவார்கள். ஒவ்வொன்றையும் கேட்டு, ஒழுங்காக ஏறியிருக்கிறதா என்று இவர் சொல்ல வேண்டும். இருபது வருஷமாக அதே நாற்காலி.

இப்போது மேலதிகாரி இரண்டு விஷயம் கேட்டிருந்தார். ஒன்று, அந்த ஃபைல்களைப் போட்டுக் கேட்கப் பைசா செலவில்லாமல் ஒரு பிளேயர். இன்னொன்று, இவர் கேட்டு முடித்ததை மறுபடி கேட்டுத் தப்பு கண்டுபிடிக்க இரண்டாவது ஆள். "உங்களுக்குத் தெரிஞ்ச நல்ல காது இருந்தா சொல்லுங்க" என்றிருந்தார்.

இலவச பிளேயர் நாலை இறக்கிப் பார்த்தாயிற்று. ஒன்று ஃபைலைத் திறக்கவே மாட்டேன் என்றது. ஒன்று இரண்டு பாட்டுக்கு நடுவே விக்கியது. மிச்சம் இரண்டு. அதில் ஒன்று, கலர் கலராகப் பட்டைகள் குதிக்கிற பகட்டுக்காரன். மற்றது சாம்பல் நிறத்தில் வெறும் கட்டம்.

"இதுதான் பிளேயர்!" என்றார் பகட்டுக்காரனைக் காட்டி. "எவ்வளவு தெளிவு பார்!"

"இது சும்மா கீச்சுனு தூக்கிக் காட்டுது, அத்தான். சாம்பல்தான் உள்ளதை உள்ளபடி கொடுக்குது" என்றான் மச்சினன்.

அவருக்குச் சுருக்கென்றது. பஸ்ஸில் போனைக் காதில் வைத்துப் பாட்டுக் கேட்கிற பயல், இவருக்குப் பாடம் எடுக்கிறானாம்.

"எனக்கே காது குத்துறியா? வா, டெஸ்ட் வச்சுடலாம். தேறினா உன் பேரைச் சொல்றேன்."

ஒரே பாட்டு. லாஸ்லெஸ் ஃபைல் ஒன்று, சுருக்கிய எம்பி3 ஒன்று. சாம்பல் பிளேயரில் மாற்றி மாற்றிப் பத்துத் தடவை போட வேண்டும். ஆள் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு எது எது என்று சொல்ல வேண்டும்.

முதலில் இவர் நின்றார். மனைவி பாட்டைப் போட்டாள்.

"லாஸ்லெஸ்!"

ஒரு வினாடி சத்தமில்லை. "சரிங்க" என்றாள்.

பத்துக்கும் "சரிங்க"தான். திரும்பியபோது மச்சினன் கைதட்டிக்கொண்டிருந்தான்.

அடுத்து அவன் சுவரைப் பார்த்து நின்றான். மவுஸை இவரே பிடித்துக்கொண்டார். முதலாவது தப்பு. இரண்டாவதும் தப்பு. ஐந்தாவதில் இவருக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. பத்தும் தப்பு!

"பத்துக்குப் பூஜ்யம்! காதாடா அது? கண்ணாடி மாட்டுற கொக்கி!"

மனைவியின் முகம் சுண்டிப் போயிற்று. மச்சினனோ கூடச் சேர்ந்து சிரித்தான். "எனக்கு இது சரிப்பட்டு வராது அத்தான்" என்று செருப்பை மாட்டினான். அவனை வழியனுப்ப அவள் கூடவே படியிறங்கினாள்.

இவர் சூட்டோடு சூடாக மேலதிகாரிக்குப் போன் போட்டார்.

"என் மச்சினன் ஒருத்தன் இருக்கான் சார். ஆனா காது சுத்த மோசம். அவன் வேண்டாம்."

"சொந்தக்காரன்னு பார்க்காம உண்மையைச் சொன்னீங்க பாருங்க, அதான் நீங்க!"

உச்சி குளிர்ந்துபோனது. தாம் பத்துக்குப் பத்து வாங்கியதையும் அறிக்கையில் ஒரு ஓரமாகச் சேர்த்துவிடலாம் என்று, பிளேயரில் இதுவரை ஓடியவற்றின் பட்டியலைத் திறந்தார்.

முதல் மூன்றையும் லாஸ்லெஸ் என்று அடித்துச் சொன்னது நன்றாக நினைவிருந்தது. பட்டியலில் அந்த மூன்றும் எம்பி3.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். எம்பி3தான்.

மனைவி மேலே வந்ததும் கேட்டார். "நான் தப்பாச் சொன்னதுக்கெல்லாம் ஏன் சரி சரின்னே?"

அவள் தரையைப் பார்த்தாள். "தப்புன்னு சொல்லத்தான் வாயெடுத்தேன். நீங்க சுவத்தைப் பார்த்துட்டு நின்னீங்களா, தம்பி என் கையைப் பிடிச்சு வேண்டாம்னு தலையாட்டினான். பத்துல ஏழு தப்புங்க."

அவருக்கு உடம்பு கூசியது. ஆறு மாசமாகக் காலிங் பெல் கேட்காததற்கு அதன் பேட்டரியைத் திட்டிக்கொண்டிருந்தார். அப்போதே உள்ளுக்குள் ஒரு சந்தேகம் இருந்தது. அதைத்தான் அதட்டி உட்கார வைத்திருந்தார். அந்தச் சின்னப் பையன் முன்னால் ஏழு தடவை தப்பாகச் சொல்லிவிட்டு, அவனையே கொக்கி என்று கேலி செய்ததை நினைக்க வெட்கம் பிடுங்கித் தின்றது.

ஆனாலும் வீம்பு விடுமா?

"சரி, என் காது போச்சுன்னே வச்சுக்க. அவன் காது மட்டும் என்ன வாழுதாம்? பத்தும் தப்பு!"

"குருட்டாம்போக்குல சொன்னாக்கூட நாலஞ்சு சரியா வந்திருக்குமேங்க. படியிறங்கும்போது நானும் அதைத்தான் கேட்டேன்" என்றாள் மனைவி. கண் கலங்கியிருந்தது. "'பத்தும் நல்லாத் தெரிஞ்சுதுக்கா, அதான் பத்தையும் மாத்திச் சொன்னேன். அந்த வேலைக்கு நான் போனா, அத்தானோட தப்பையெல்லாம் நான்தானே தினமும் எழுதிக் கொடுக்கணும்'னான்."