ஏழாம் பீப்பாய்

"அம்மாவுக்கு நாக்கு செத்துப்போச்சுங்க" என்று யுட்டா தன் கணவன் யென்ஸிடம் கிசுகிசுத்தாள். ஜெர்மனியின் மோசெல் ஆற்றங்கரையில் ஒயினை நம்பி வாழும் வீட்டில் இதைவிடக் கெட்ட செய்தி வேறென்ன இருக்க முடியும்?

"உளறாதே."

"ஏழாம் பீப்பாய் ரீஸ்லிங் ஒயின் ஏப்ரல்லயே பக்குவமாயிடுச்சு. நீங்களும்தானே குடிச்சுப் பார்த்தீங்க? அம்மா மட்டும் இன்னும் புளிக்குது, இன்னும் புளிக்குதுன்னு ஆகஸ்ட் வரைக்கும் இழுத்துட்டாங்க. அடுத்த மாசம் திராட்சை பறிக்கணும். புதுச் சாறை எங்கே ஊத்தறது, என் தலையிலயா?"

நேரில் கேட்க யுட்டாவுக்குத் துணிச்சல் இல்லை. அப்பா போனபின் எட்டு வருஷமாக அந்தச் செங்குத்துச் சரிவில் ஏறி இறங்கித் தோட்டத்தைக் காப்பாற்றியவள் அம்மா ஹெட்விக். சீக்கிரம் நொதிக்க வெளி ஈஸ்ட் சேர்க்க மாட்டாள், சர்க்கரை சேர்க்க மாட்டாள். "எப்போ ஆகணும்னு ஒயினுக்குத் தெரியும். நீ சும்மா இரு" என்பாள்.

இதில் மாட்டிக்கொண்டவர் லோத்தர். ஆற்று மதகில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தனிக்கட்டை. சனிக்கிழமைதோறும் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையோடு ஒயின் வாங்க சைக்கிளில் வந்து, "ஏழாம் பீப்பாய் ஆச்சாங்க?" என்று கேட்பார்.

ஹெட்விக் ஒரு மடக்கு குடித்துவிட்டு உதட்டைப் பிதுக்குவாள். "அடுத்த சனிக்கிழமை பார்ப்போம்."

முகம் கோணாமல் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவார் மனிதர்.

யுட்டாவால் பொறுக்க முடியவில்லை. அம்மா டிரியர் நகரத்தில் பல் டாக்டரைப் பார்க்கப் போன செவ்வாய்க்கிழமை, அவளும் யென்ஸும் பீப்பாயைக் காலி செய்து, எல்லாவற்றையும் புட்டியில் அடைத்து முடித்துவிட்டார்கள். அம்மாவிடம் மூச்சு விடவில்லை.

சனிக்கிழமை லோத்தர் சைக்கிளை நிறுத்தியதுமே, ஆறு புட்டிப் பெட்டியை அவர் கையில் திணித்தாள் யுட்டா. "சார், உங்க ஏழாம் பீப்பாய் இதோ! இனிமே நீங்க அலையவே வேண்டாம்."

லோத்தருக்கு முகம் தொங்கிப்போயிற்று. "மொத்தமும் அடைச்சாச்சா?"

"மொத்தமும். ஏன் சார், ஒரு சந்தோஷத்தையே காணோம்?"

அவர் காது மடல் சிவந்தது. "அது வந்தும்மா... டாக்டர் என்னை ஒயினை நிறுத்தச் சொல்லி நாலு வருஷமாச்சு."

யுட்டாவின் பின்னால் கதவு திறந்தது. கையில் பிளம்ஸ் கேக் தட்டும், உதட்டில் புதுச் சாயமுமாக அம்மா நின்றிருந்தாள். பெட்டியைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். ஒரே பார்வையில் எல்லாம் விளங்கிவிட்டது அவளுக்கு.

"இவ கெடக்கா, நீங்க உள்ளே வாங்க" என்றாள் லோத்தரிடம். "ஒன்பதாம் பீப்பாய் ஆக இன்னும் ரெண்டு வருஷம் பிடிக்கும்!"